நீண்ட பக்கத்தில் மேலே திரும்பும் வழி

பக்கத்தின் உச்சிக்குத் திரும்பும் இணைப்பை வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு முன், அந்த உச்சியில் என்ன இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். தளத்தின் பெயரும் அகலமான ஒரு படமும் மட்டுமே இருந்தால், வாசகரை அங்கே கொண்டுபோய் விடுவதால் அவருக்கு ஒரு லாபமும் இல்லை. பொருளடக்கமோ, தேடல் பெட்டியோ, விலைவாரியாகப் பிரித்துப் பார்க்கும் வசதியோ இருந்தால் அவர் அங்கே போக விரும்புவார்; போவதற்கு நீங்கள் வழி வைத்தாக வேண்டும். இந்த அத்தியாயத்தில் வரும் மற்றவை எல்லாம் இந்த ஒரு சோதனையிலிருந்து கிளைப்பவைதான்.

இந்த இணைப்பு பிறந்த காலத்தில் காரணம் வேறாக இருந்தது. 1990களின் நடுப்பகுதிவரை பெரும்பாலான மவுஸ்களில் சக்கரம் கிடையாது. நீண்ட பக்கத்தில் ஏறி இறங்க, திரையின் வலது ஓரத்துப் பட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும், அல்லது அதன் முனையிலிருந்த சின்ன அம்புக்குறியை விடாமல் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். கேள்வி–பதில் தொகுப்புகளைப் போட்டவர்கள் ஒவ்வொரு பதிலின் அடியிலும் மேலே போக ஓர் இணைப்பு வைத்தது அந்தச் சிரமத்தைக் குறைக்கத்தான். இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1996-இல் வெளியிட்ட பத்துத் தவறுகளின் பட்டியலில், நீளமான பக்கம் என்பதே ஒரு தவறாக இடம்பெற்றது. அதே ஆண்டில்தான் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் சக்கரம் வைத்த மவுஸ் கடைக்கு வந்தது. அடுத்த ஆண்டே நீல்சன் தம் கருத்தைத் தளர்த்திக்கொண்டார். மக்கள் ஸ்க்ரோல் செய்யப் பழகிவிட்டார்கள் என்பதை அவர் ஒப்புக்கொண்டார்.

ஆக, ஏறுவதற்கு இருந்த சிரமம் பெருமளவு போய்விட்டது. ஆனாலும் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. இன்றும் சில தளங்களில் இரண்டு பத்திக்கு ஒருமுறை "மேலே செல்ல" என்ற இணைப்பு வருகிறது. அவற்றை எடுத்துவிடுங்கள் என்றே சொல்வேன். காரணத்தைப் பின்னால் விளக்குகிறேன்.

வாசகர் கையில் ஏற்கெனவே உள்ள வழிகள்

இணைப்பே வேண்டாம் என்பவர்கள் சொல்லும் வாதம் இது: கணினியில் ஹோம் விசையைத் தட்டினால் பக்கம் உச்சிக்குப் போய்விடும். மேக் கணினியில் கமாண்ட் விசையோடு மேல் அம்புக்குறி. ஐபோனில் மணி காட்டும் மேல்பட்டையை ஒருமுறை தொட்டால் போதும். இத்தனை வழி இருக்கும்போது பக்கத்தில் தனியாக ஒன்று எதற்கு?

இந்த வாதம் தன் கருவிகளை நன்றாக அறிந்தவர்களுடையது. பல மடிக்கணினிகளில் ஹோம் விசை தனியாக இல்லை. இன்னொரு விசையோடு சேர்த்து அழுத்த வேண்டும். ஐபோனின் மேல்பட்டைத் தொடுதலை, பல ஆண்டுகள் ஐபோன் வைத்திருப்பவர்களிலேயே பலர் அறியாமல் இருப்பதைப் பார்க்கலாம். எந்தக் குறியும் அங்கே இல்லை. யாராவது சொன்னால்தான் உண்டு. தமிழ் வாசகர்களைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமான ஒன்று: தமிழ்நாட்டில் பெரும்பாலோர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன். அங்கே எல்லாப் போனிலும் ஒரேபோல் வேலை செய்யும் மேல்பட்டைத் தொடுதல் கிடையாது. விரலால் தள்ளித் தள்ளித்தான் மேலே வர வேண்டும். பெரிய திரையை ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் தள்ளுகிறவருக்கு, மூட்டுவலி உள்ள முதியவருக்கு, அது சின்ன வேலை அல்ல. ஆகவே தமிழில் நீண்ட பக்கம் போடுகிற ஒருவர் "பிரவுசரிலேயே வழி இருக்கிறது" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளக் கூடாது.

எவ்வளவு நீளத்துக்கு மேல்?

நீல்சன் நார்மன் குழுமம் 2017-இல் தந்த பரிந்துரை நான்கு திரை. பக்கம் நான்கு திரையைவிட நீண்டால் மேலே திரும்பும் இணைப்பு உதவும் என்பது அவர்கள் கணக்கு. தொடக்க அளவாக இது நல்லது. ஆனால் எந்தத் திரை என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் வேலை செய்யும் அகலமான திரையில் மூன்று திரை நீளும் கட்டுரை, போனில் பத்துத் திரைக்கு மேல் போகலாம். தமிழில் இந்த வேறுபாடு இன்னும் பெரிது. சொற்கள் நீளமானவை, குறுகிய திரையில் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொல்தான் கொள்ளும், அடுத்த சொல் இடம் போதாமல் கீழே இறங்கிவிடும். மேலும் கீழும் சுழி வரும் எழுத்துகளுக்கு வரி இடைவெளியும் கூடுதலாக வேண்டும். எனவே ஆங்கிலப் பக்கத்தை அளந்து எடுத்த முடிவைத் தமிழ்ப் பதிப்புக்கு அப்படியே பொருத்தாதீர்கள். தமிழ்ப் பக்கத்தைப் போனில் திறந்து அளந்துபாருங்கள்.

நீளம் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு திரை நீளும் சிறுகதையை முடித்தவர் மறுபடி தலைப்பைப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. ஆறு திரை நீளும் ரயில் கட்டணச் சலுகை விதிகளைப் பார்ப்பவர் நாலைந்து முறை மேலேயும் கீழேயும் போய்வருவார். வாசிக்கும் முறைதான் முடிவு செய்கிறது. நேராகப் படித்துக்கொண்டு போவதா, தேடிப் பார்த்துவிட்டுத் திரும்புவதா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரே பக்கத்தில் திருக்குறள்

தேடிப் பார்க்கும் பக்கத்துக்குத் திருக்குறளைவிடப் பொருத்தமான உதாரணம் தமிழில் கிடைப்பது அரிது. 133 அதிகாரம், 1330 குறள். உரை எதுவும் இல்லாமல் மூலத்தை மட்டும் ஒரே பக்கத்தில் போடுவதாக வைத்துக்கொள்வோம். எண்ணும் இடைவெளியும் சேர்த்து ஒரு குறளுக்குப் போனில் நான்கு வரி ஆனால், மொத்தம் 5,320 வரி. திரையில் 20 வரி தெரிந்தால் 266 திரை. அதிகாரத் தலைப்புகள் இந்தக் கணக்கில் இல்லை.

இதை 133 பக்கங்களாக உடைத்துவிடலாமே என்று தோன்றும். உடைத்தால் ஒரு பெரிய வசதி போய்விடும். ஒரே பக்கமாக இருந்தால், பிரவுசரின் பக்கத்தில் தேடும் வசதியைக்கொண்டு நினைவில் நிற்கும் ஒரு சொல்லைத் தட்டி, முழு நூலிலும் அது வரும் இடங்களைப் பார்க்கலாம். ஒருமுறை திறந்துவிட்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் படிக்கலாம். வெறும் எழுத்து என்பதால் பக்கத்தின் எடையும் அதிகம் ஆகாது. ஆகவே ஒரே பக்கமாகவே இருக்கட்டும். நடமாடும் வழியைச் சரியாகச் செய்வோம்.

பேச்சுப் போட்டிக்கு மாணவரைத் தயார்செய்யும் ஆசிரியர் ஒருவர் இந்தப் பக்கத்துக்கு வருகிறார். அவருக்கு முதலில் வேண்டியது 40-ஆம் அதிகாரமான கல்வி. அங்கே இரண்டு குறளை எடுத்துக்கொள்கிறார். அடுத்து நட்பு, 79-ஆம் அதிகாரம். பிறகு விருந்தோம்பல், அது 9. முன்னும் பின்னுமாக இப்படிப் போகிறவருக்கு ஒவ்வொரு முறையும் தேவைப்படுவது அதிகாரப் பட்டியல். பக்கத்தின் உச்சியில் இருக்கும் தலைப்பும் முன்னுரையும் அவருக்கு வழியில் வரும் தடை. எனவே நம் இணைப்பு உச்சிக்குப் போகவே கூடாது. நேராக அதிகாரப் பட்டியலுக்குப் போக வேண்டும். பிரிட்டன் அரசின் இணையதளத்தில் நீண்ட ஆவணங்களைத் திறந்தால், மேல்நோக்கிய அம்புக்குறியோடு கூடவரும் இணைப்பில் "பொருளடக்கம்" என்ற பொருள் தரும் சொல்லைத்தான் எழுதியிருக்கிறார்கள். வாசகர் எங்கே போய்ச் சேர்வார் என்பதை அது சொல்லிவிடுகிறது. நம் பக்கத்திலும் "அதிகாரப் பட்டியல்" என்றே எழுதிவிடலாம்.

133 பெயர்களை ஒரே நெடிய வரிசையாக அடுக்கினால் பட்டியலே ஏழெட்டுத் திரை நீளும். அறத்துப்பால் 38, பொருட்பால் 70, காமத்துப்பால் 25 என்று மூன்றாகப் பிரியுங்கள். தொட்டால் விரியும்படி ஒவ்வொரு பாலையும் மடித்து வையுங்கள். பட்டியலுக்கு வந்து சேர்ந்தவர் மூன்று தலைப்புகளை மட்டும் பார்ப்பார், வேண்டியதைத் திறப்பார். அதிகாரப் பெயருக்கு முன்னால் எண்ணையும் போடுங்கள். குறளை எண்ணால் தேடுகிறவர்கள் நம்மிடையே ஏராளம்.

இங்கே தமிழ்ப் பக்கங்களுக்கே உரிய ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு அதிகாரத்துக்கும் பக்கத்துக்குள் ஓர் அடையாளப் பெயர் தருவோம். இணைப்பு அந்தப் பெயரைத் தேடித்தான் போகும். அந்தப் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், தடை இல்லை. ஆனால் முகவரியை நகலெடுத்து வாட்ஸாப்பில் அனுப்பும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் பெரும்பாலும் சதவீதக் குறியும் ரோமன் எழுத்துகளும் எண்களுமாக மாறி 9 இடத்தைப் பிடித்துக்கொள்ளும். "கல்வி" என்ற சின்னப் பெயர் மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் சேர்த்து 5 குறி. முகவரியில் அது 45 இடமாக நீளும். பெறுகிறவருக்கு அது சந்தேகத்துக்குரிய முகவரியாகத் தெரியும், தொடத் தயங்குவார். ரோமன் எழுத்து ஒன்றையும் அதிகார எண்ணையும் சேர்த்து அடையாளப் பெயர் வையுங்கள். முகவரி குட்டையாக இருக்கும், எண்ணைப் பார்த்தாலே அதிகாரமும் தெரியும்.

இணைப்பாகவே செய்யுங்கள்

மேலே திரும்பும் வழியை இரண்டு விதமாகச் செய்கிறார்கள். ஒன்று, பக்கத்துக்குள்ளேயே ஓர் இடத்தைச் சுட்டும் சாதாரண இணைப்பு. மற்றது, ஒரு பொத்தானை வைத்து, ஜாவாஸ்கிரிப்ட் மூலம் பக்கத்தை மேலே நகர்த்துவது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். முதலாவதைத்தான் நான் பரிந்துரைக்கிறேன். அதற்கான காரணங்களை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான தளங்கள் பிசகுவது இங்கேதான்.

இணைப்பைத் தொட்டு மேலே போனால் பிரவுசர் அந்தத் தாவலைத் தன் வரலாற்றில் குறித்துக்கொள்கிறது. பின்செல்லும் பொத்தானை அழுத்தினால் படித்துக்கொண்டிருந்த இடத்துக்கே வாசகர் திரும்பிவிடுவார். நம் ஆசிரியர் கல்வி அதிகாரத்திலிருந்து பட்டியலுக்குப் போய், அங்கே மனம் மாறி, இன்னும் ஒரு குறளை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் ஒரே அழுத்தில் பழைய இடம் கிடைக்கும். ஜாவாஸ்கிரிப்ட் வெறுமனே பக்கத்தை நகர்த்தினால் அந்தக் குறிப்பு பதிவாகாது. பின்செல்லும் பொத்தானை அழுத்தியவர் பக்கத்தை விட்டே வெளியேறிவிடுவார். 266 திரையில் விட்ட இடத்தைத் தேடுவது எவ்வளவு எரிச்சல் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது விசைப்பலகை. மவுஸைப் பிடிக்க முடியாதவர்கள் டேப் விசையைத் தட்டித் தட்டி ஒவ்வோர் இணைப்பாக நகர்கிறார்கள். ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்தை மட்டும் மேலே கொண்டுபோனால், பிரவுசரின் கவனப் புள்ளி கீழே அந்தப் பொத்தானிலேயே நிற்கும். திரையில் பட்டியல் தெரிகிறது; டேப் விசையைத் தட்டியதும் பக்கம் மறுபடி அடிக்குத் துள்ளிப் போகிறது. கண் தெரியாமல் ஸ்க்ரீன் ரீடரோடு படிப்பவருக்கும் இதே கதி. அடையாளப் பெயர் கொண்ட ஒரு தலைப்பைச் சுட்டும் உண்மையான இணைப்பானால், அடுத்த டேப் அந்தத் தலைப்பிலிருந்து தொடங்கும். இன்னும் உறுதியாக இருக்க வேண்டுமானால் அந்தத் தலைப்புக்கு டேப் இன்டெக்ஸ் மதிப்பாக -1 கொடுங்கள். கவனம் அதன்மேல் தெளிவாக வந்து நிற்கும்.

உச்சிக்கே போக வேண்டிய பக்கமானால் வேலை இன்னும் எளிது. இணைப்பின் இலக்காக # குறியையும் "டாப்" என்ற ஆங்கிலச் சொல்லையும் கொடுத்தால், அந்தப் பெயரில் எந்த அடையாளமும் இல்லாவிட்டாலும் பிரவுசர் பக்கத்தின் தொடக்கத்துக்குப் போக வேண்டும் என்று எச்டிஎம்எல் தரமே விதித்திருக்கிறது. அப்போதும் முதன்மைத் தலைப்புக்கு ஓர் அடையாளப் பெயர் வைத்து அதைச் சுட்டுவதே மேல்.

தளத்தின் தலைப்பட்டை எப்போதும் திரையின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தால், தாவிச் சேரும் தலைப்பு அதன் அடியில் மறைந்துவிடும். ஸ்க்ரோல் மார்ஜின் டாப் என்ற சிஎஸ்எஸ் பண்பில் பட்டையின் உயரத்தைக் கொடுத்தால் சரியாகும்.

மெதுவாக வழுக்கிக்கொண்டு மேலே போகும் அசைவு பலருக்குப் பிடிக்கும். குட்டைப் பக்கத்தில் அதனால் தீங்கில்லை. எங்கிருந்து எங்கே போகிறோம் என்பதைக்கூட அது காட்டும். 266 திரையை விர்ரென்று ஓடவிட்டால் உள்காதுக் கோளாறு உள்ளவர்களுக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வரலாம். அசைவைக் குறைக்கும்படி போனிலும் கணினியிலும் ஓர் அமைப்பு இருக்கிறது. அதை இயக்கி வைத்திருப்பவர்களுக்குப் பக்கம் சட்டென்று தாவ வேண்டும். சிஎஸ்எஸ்ஸில் இதற்கான நிபந்தனை உண்டு. நீண்ட பக்கங்களில் யாருக்குமே அசைவு வேண்டாம் என்பது என் கருத்து.

எங்கே வைப்பது, எத்தனை வைப்பது

ஒவ்வோர் அதிகாரத்தின் அடியிலும் ஓர் இணைப்பு வைத்தால் 133 இணைப்புகள். ஸ்க்ரீன் ரீடர் வைத்திருப்பவர்கள் ஒரு பக்கத்தின் எல்லா இணைப்புகளையும் பட்டியலாக எடுத்துக் கேட்பது வழக்கம். அதில் "மேலே செல்ல" என்று 133 முறை வந்தால் பட்டியலால் பயனே இல்லை. பத்திக்குப் பத்தி வரும் இணைப்புகளை எடுத்துவிடச் சொன்னது இதனால்தான். பக்கத்துக்கு ஒன்று போதும். அது திரையின் அடியில் வாசகரோடு கூடவே வரட்டும்.

பழகிய இடம் வலது கீழ் மூலை. ஆனால் இன்று அந்த மூலைக்கு அரட்டைப் பொத்தான், பகிரும் பொத்தான், குக்கீ அறிவிப்பு எல்லாம் போட்டியிடுகின்றன. ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றால் தவறான பொத்தானில் விரல் படும். எது வாசகருக்கு மிகத் தேவையோ அதை மட்டும் அங்கே விடுங்கள். நூல் படிக்கும் பக்கத்தில் அரட்டைப் பொத்தானுக்கு வேலை இல்லை.

தொடும் பரப்பு 24 பிக்சலுக்குக் குறையக் கூடாது என்பது இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி 2.2 விதியின் இடைநிலை அளவு. அதன் உச்ச நிலை 44 பிக்சல். 44 வையுங்கள். வெறும் அம்புக்குறியை வைத்தால் சிலர் அதைப் பதிவேற்றும் குறியாக நினைப்பார்கள்; அம்புக்குறியோடு சொல்லும் இருக்கட்டும். இடம் போதாமல் அம்பை மட்டும் வைக்க நேர்ந்தால், ஸ்க்ரீன் ரீடர் வாசிப்பதற்கான பெயரைத் தமிழிலேயே உள்ளே கொடுத்துவிடுங்கள். கூடவே வரும் இணைப்பு எழுத்துகளை மறைக்கும் என்பது உண்மையான குறை. அதற்கு நல்ல தீர்வு, வாசகர் கீழ்நோக்கிப் படிக்கும்போது அதை ஒளித்து, அவர் மேல்நோக்கித் தள்ளத் தொடங்கியதும் காட்டுவது. மேலே போக விரும்புகிறார் என்பதை அவர் விரலே சொல்லிவிட்டது. ஆனால் ஒளித்த நிலையிலும் டேப் விசையால் அதை அடைய முடிய வேண்டும், கவனம் வந்ததும் அது கண்ணுக்குத் தெரியவும் வேண்டும்.

அகலமான திரையில் இந்த இணைப்பே தேவைப்படாமல் போகலாம். ஆங்கில விக்கிப்பீடியா 2023 ஜனவரியில் மாற்றிய தோற்றத்தில், பொருளடக்கம் இடப்பக்கத்தில் நின்று வாசகரோடு கூடவே வருகிறது. பட்டியல் எப்போதும் கண்முன் இருந்தால் அதைத் தேடி மேலே போக வேண்டியதில்லை. நம் குறள் பக்கத்துக்கும் கணினியில் இதுதான் சரி. போனுக்கு மட்டும் இணைப்பு.

வைக்கக் கூடாத பக்கங்கள்

தொடர்கதையின் ஓர் அத்தியாயத்தை முடித்தவருக்கு வேண்டியது அடுத்த அத்தியாயம். அங்கே அடியில் "மேலே செல்ல" என்று வைப்பது, போகவிருக்கும் வழியை மறைத்து நிற்பதாகும். செய்முறை எழுதும் சமையல் பக்கத்தில் வாசகர் தேடித் திரும்புவது பொருள் அளவுகளுக்கு. இணைப்பு அங்கே போகட்டும். கடைகளின் தளம் வேறு வகை. அமேசானில் பக்கத்தின் அடிவரை போனால் திரையின் முழு அகலத்துக்கும் ஒரு பட்டை வரும், தொட்டால் உச்சிக்குப் போகும். அங்கே தேடல் பெட்டியும் கூடையும் உச்சியில் இருக்கின்றன. அடிவரை போயும் வேண்டிய பொருள் கிடைக்காதவர் அடுத்துச் செய்யப்போவது புதிதாகத் தேடுவதுதான். உச்சி அவருக்குப் பயன்படுகிறது, ஆகவே பட்டை பொருத்தம்.

வெளியிடும் முன்

போனில் பக்கத்தைத் திறந்து, நடுவில் ஓர் இடத்துக்குப் போய், ஒற்றைக் கையால் பட்டியலுக்கு வந்து பாருங்கள். பின்செல்லும் பொத்தானை அழுத்தி விட்ட இடம் கிடைக்கிறதா என்று பாருங்கள். கணினியில் மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு டேப் விசையால் மட்டும் அதே பயணத்தைச் செய்யுங்கள். பிறகு பக்கத்தை 400 சதவீதம் பெரிதாக்குங்கள். பார்வை குறைந்தவர்கள் இப்படித்தான் படிக்கிறார்கள். கூடவே வரும் இணைப்பு அப்போது திரையின் கால்வாசியை அடைத்துக்கொண்டால், அந்த அளவில் அதை ஒட்டிநிற்க விடாமல் பக்கத்தின் அடியில் சாதாரண வரியாக இறக்கிவிடுங்கள். தளத்தை உருவாக்காத ஒருவரிடம், முடிந்தால் உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், போனைக் கொடுத்து மூன்று அதிகாரங்களைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். அவர் இணைப்பைக் கவனிக்காமல் விரலாலேயே தள்ளிக்கொண்டிருந்தால், அதன் நிறத்தையோ இடத்தையோ மாற்றி மறுபடி கொடுத்துப் பாருங்கள்.

கடைசியாக, பக்கத்தைத் தாளில் அச்சிட்டுப் பாருங்கள். பள்ளிகளில் இப்படி அச்சிட்டுத்தான் மாணவர்களுக்குக் கொடுக்கிறார்கள். கூடவே வரும் இணைப்பு தாளுக்குத் தாள் குறளின் மேலேயே விழுந்து கிடக்கலாம். அச்சுக்கான சிஎஸ்எஸ் பகுதியில் அதை மறைத்துவிடுங்கள்.